எத்தனை விரல்?

இன்று வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில்தான் அதை முதலில் பார்த்தேன். வார்டிலிருந்து லிஃப்ட் வரை நீளமான நடை. அதன் கடைசியில், உதட்டில் விரல் வைத்து ‘சத்தம் போடாதீர்கள்’ என்று கேட்கும் ஒரு குழந்தையின் படம் மாட்டியிருந்தது. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். குழந்தை குதித்தது. நின்றேன். அதுவும் நின்றது.

“இன்னா, நின்னுட்டே?” என்றார் சவரி. சவரிமுத்து என் கணவர்.

“அந்தப் படம் குதிக்குதுங்க.”

“இத்தினி நாள் படுத்தே கெடந்த. கஞ்சி குடிச்ச உடம்பு. படம் குதிக்கல ரோசி, நீதான் குதிக்கிற.”

நம்பிவிட்டேன். சிறுநீரகத்தில் புகுந்த கிருமி ரத்தத்தில் பரவி, காய்ச்சலில் பிதற்றி, கோவில் சாமியார் வந்து சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போகும் அளவுக்குப் போய்த் திரும்பியவள் நான். உயிர் மிஞ்சியிருக்கும்போது படம் குதிக்கிறது என்று குறை சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அதே குதிப்பைப் பார்த்துவிட்டு, அதை யாரிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படித்தான் வெகுநாள் உட்கார்ந்திருந்தேன்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஜீவனஹள்ளியில் என்னை ‘ஸ்கூட்டர் அக்கா’ என்றால்தான் தெரியும். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சவரி வண்டி சீட்டுக்கு உறை தைப்பவர். சீட்டு தைக்க யாரோ விட்டுப்போன ஸ்கூட்டரை, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எடுத்து ஒரு சுற்று சுற்றினேன். அன்றைக்குப் பிடித்தது. இந்த ஊரில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் சீட்டு அவர் தைத்தது. ஆனால் அவர் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஒரே நேரத்தில் மரியாதை கொடுக்கிற மனிதர். விட்டுவிட்டேன். கல்யாணமான நாள் முதல் என் பின்னால்தான் உட்கார்ந்து வருவார். தெருவில் எவனாவது கேலி செய்தால், “டிரைவர் வச்சிக்கிற வசதி உனக்கு இருக்குதா?” என்பார்.

என்னிடம் படிப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு கோடியில் நான் நின்றுகொண்டு கையைத் தூக்கி விரல் காட்டுவேன். அவள் மறுகோடியிலிருந்து மேடுபள்ளத்தில் ஓட்டிக்கொண்டே எத்தனை விரல் என்று கத்த வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் முன்சக்கரத்தையே பார்ப்பார்கள். விரலை எண்ண முடிந்தால் கண் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அவளை ரோட்டில் விடலாம். சரியாகச் சொல்லாதவளிடம், “இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம வாம்மா” என்பேன். அழுதாலும் அதுதான். கூட வந்த தாய்மார்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று வாயசைத்து விடை சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் தாய்மார்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் குதிப்பு போகவில்லை. நடந்தால் தெரு நடந்தது. எதிரே வருகிறவர்களின் முகம் கலைந்து, நின்று பார்த்தால்தான் யாரென்று தெரிந்தது. கடை போர்டில் எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்தென்று தெரியாது. இருட்டினால் தரை எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். “தலை சுத்துதா?” எதிர்வீட்டு ஷாகிதா பாபி “சக்கர் ஆத்தாக்யா?” என்றாள். மாவு மில்லில், “தலெ சுத்துத்தா அக்கா?” என்று கன்னடத்தில் கேட்டார்கள். எத்தனை பாஷை இருந்தாலும் எல்லாவற்றிலும் சுற்றல்தான் இருந்தது. எனக்குச் சுற்றவில்லை. சுற்றவில்லை என்றால் பலவீனம் என்றார்கள். என்னிடம் வண்டி படித்த கயல்விழி மட்டும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பெண், சரியாகப் பிடித்தாள். “ஓடிக்கிட்டே வீடியோ எடுத்தா எப்படி ஆடும்க்கா, அப்படியா?” அப்படியேதான். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் டாக்டர்களிடம் பேசக் கற்றேன். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பார்த்த டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை போட்டார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தலை அசையாமல் இருந்தால் குதிப்பு குறைந்தது. நானோ வண்டி சொல்லிக்கொடுக்கிறவள். “தலைய ஆட்டாத, தூரமா ஒரு புள்ளியப் பாரு, தானா பேலன்ஸ் வரும்.” வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம். அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பட்டையைக் கழற்றிய பிறகும் தலையைத் திருப்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினேன். “இன்னாடி, ரோஸ் பவுடர் போட்ட ரோபோ மாதிரி திரும்புற?” என்றாள் பாபி. சிரித்தோம். நான் சரியான வழியில் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்தது தெரிந்தபோது கன்னம் தரையில் இருந்தது. வழுக்கவில்லை. தள்ளாடவில்லை. விழுகிறேன் என்ற செய்தியே எனக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கன்னத்தில் தையல் போட்ட டாக்டரிடம் குளியலறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, “நீங்க காது டாக்டரைப் பாருங்க” என்றார்.

“காது நல்லா கேக்குதே சார்.”

“காது கேக்கறதுக்கு மட்டும் இல்லம்மா.”

காது டாக்டர் வயதானவர். மெதுவாகப் பேசுகிறவர். எதிரே உட்கார்ந்து, “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லி என் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் என் கண் அவர் மூக்கை விட்டு நழுவி, பிறகு ஓடிப்போய்ப் பிடித்தது. அது எனக்கே தெரிந்தது. வலது பக்கமும் அப்படி, இடது பக்கமும் அப்படி.

பிறகு கலோரிக் பரிசோதனை (காதுக்குள் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விட்டு, சமநிலை உறுப்பு எழும்புகிறதா என்று பார்ப்பது). எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் உள்ளே போனாள். “அம்மா, கட்டில் சுத்துது, பிடிங்க” என்று அவள் கத்தியது வெளியே கேட்டது. வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். சவரி செபமாலையை எடுத்தார்.

எனக்கு விட்டார்கள். குளிர்ந்த நீர். ஒன்றும் இல்லை. வெந்நீர். ஒன்றும் இல்லை. மறுகாது. ஐஸ் தண்ணீர்கூட விட்டார்கள். குளிர்ந்ததே தவிர, கட்டில் அசையவில்லை. கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தேன். “பார்த்தீங்களா, எனக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பொண்ணு கத்தினாளே, நான் கல்லு மாதிரி படுத்திருந்தேன்.” சவரி கைகூப்பி மேலே பார்த்தார். பரிசோதனை செய்த நர்ஸ் மட்டும் எங்களைப் பார்க்காமல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். “அந்தப் பொண்ணுக்குச் சுத்தினதுதான் நல்லதும்மா.”

கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வைப்பார் அல்லவா, அதுபோல் இரண்டு காதுக்குள்ளும் ஒவ்வொன்று இருக்கிறது என்றார். தலை சாய்ந்தால், திரும்பினால், அது மூளைக்குச் சொல்லும். மூளை கண்ணைத் திருத்திப் பிடிக்கும். அதனால்தான் நடக்கும்போது உலகம் நிற்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. காய்ச்சலின்போது எனக்குப் போட்ட ஜென்டாமைசின் (கடுமையான கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) சில பேருக்கு அந்தச் செல்களையும் கொன்றுவிடும். எனக்கு இரண்டு பக்கமும் போய்விட்டது என்றார். உலகம் குதிப்பதற்கு ஆஸிலோப்சியா (பார்வைத் துள்ளல்) என்று பெயர்.

“திரும்ப முளைக்குமா சார்?”

“முளைக்காதும்மா.”

“ஒரு காதுலயாவது?” என்றார் சவரி. கடையில் பேரம் கேட்கிற குரலில் கேட்டார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு, “அந்த ஊசி போடலைன்னா இவங்க இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்க மாட்டாங்க. அதையும் நான் சொல்லணும்” என்றார்.

நான் யார்மேலும் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஓர் ஆள் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றியதும் அதுதான், எடுத்துக்கொண்டதும் அதுதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சவரி பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்ததால் ரோடு நின்றுகொண்டிருந்தது.

செல்கள் முளைக்காது. ஆனால் மூளைக்கு வேறு வழி சொல்லிக்கொடுக்கலாம். கண், பாதம், முதுகுத்தண்டு இவற்றை வைத்துக் காதின் வேலையில் ஒரு பங்கை ஓட்டலாம். அதற்குப் பெயர் வெஸ்டிபுலர் பயிற்சி (சமநிலையை மீட்கும் உடற்பயிற்சி). என்னைப் பயிற்றுவித்தவள் பவித்ரா. மல்லேஸ்வரத்துக் கன்னடப் பெண், பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் கற்ற தமிழ்.

முதல் நாள் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, நீங்க ஏன் தலையே ஆட்றதில்ல? கழுத்துல கம்பி வச்சிருக்கா?” என்றாள்.

பெருமையோடு என் பாடத்தைச் சொன்னேன். தூரப் புள்ளி, ஆடாத தலை.

அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “அய்யோ தேவரே. அது காது இருக்கறவங்களுக்கு ஆண்ட்டி. நீங்க ஆட்டாம வச்சா மூளைக்கு எப்படித் தெரியும், கத்துக்கணும்னு? இத்தன மாசம் ஸ்கூலுக்கே அனுப்பல நீங்க.”

அன்றிலிருந்து என் வேலை, எது என்னைக் கலக்கியதோ அதையே செய்வது. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எழுத்து கலையும். “ஸ்வல்ப வேகமா ஆண்ட்டி” என்பாள். அடுத்தது மெத்தென்ற தளத்தில் நிற்பது. பாதம் தரையை நம்ப முடியாதபடி செய்து, மற்றதை எழுப்புவதற்காக. பவித்ரா ஸ்பாஞ்ச் வாங்கச் சொன்னதும் சவரிக்கு முதல்முறையாக முகம் தெளிந்தது. கடையிலிருந்து விதவிதமான சீட்டு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து அழுத்தி அழுத்திக் காட்டினார். “இது புல்லட் சீட்டு, கெட்டி. இது ஸ்கூட்டி, மெத்துனு இருக்கும். மொதல்ல கெட்டில ஏறு.” அந்த ஸ்பாஞ்சின்மேல் நான் நிற்க, அவர் தொடாமல் இரண்டு கையையும் என் இடுப்பைச் சுற்றி விரித்துக்கொண்டு நிற்பார். பிடிக்கக் கூடாது என்பது பவித்ராவின் கண்டிப்பு. பிடித்தால் மூளை சோம்பேறியாகிவிடும். பிடிக்காமல் நிற்பது அவருக்கு என்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

முன்னேற்றம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். கைத்தடியோடு கடைக்குப் போனேன், பிறகு தடியில்லாமல் போனேன். ஒரு ஆட்டோக்காரர் என் நடையைப் பார்த்து, “இன்னாம்மா, காலையிலயேவா?” என்றார். “ஆமாண்ணே, காதுல ஊத்தினாங்க” என்றேன். அன்று வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கோவிலில் கண்ணை மூடினால் சாய்கிறேன் என்பதால் கண்ணைத் திறந்தே செபம் சொல்லப் பழகினேன். முகம் கழுவும்போது ஒரு கை சுவரில். படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சின்ன விளக்கு. புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்வது அந்த ஊசியின் பெயர். ஏரி, குளம், நீச்சல் கிடையாது. தண்ணீருக்குள் மேல் எது, கீழ் எது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் என் ஸ்கூட்டர் வாசலில் உறை போட்டு நின்றது. நான் கேட்க நினைத்ததெல்லாம் அது ஒன்றுதான். டாக்டரிடம் கேட்டேன். “வேண்டாம்மா. குலுங்குற ரோட்டுல எதிர்ல குழந்தை நிக்குதா, மூட்டை இருக்குதான்னு உங்களுக்குத் தெரியாது” என்றார். பவித்ராவிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டும் போதவில்லை. ஒருத்தி ஓட்டலாமா கூடாதா என்று சொல்கிற பரீட்சை என்னிடமே இருந்தது. அதில் நான் உட்காராமல் எப்படி விடுவது?

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், மைதானத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். ஆள் கிடையாது. கேட்டைச் சாத்தினோம். சவரியைக் கோடியில் நிறுத்தினேன். “நான் காட்டற மாதிரி காட்டுங்க. தலைக்கு மேல. மறைக்காதீங்க.” அவர் சரி சரி என்றார். இடது கையில் ஒரு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஹெல்மெட். திரும்பும்போது என் பின்னால் உட்கார்ந்து வர எடுத்து வந்திருக்கிறார். எனக்கு அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

முதலில் பந்து விளையாடும் சிமெண்ட் தரையில் ஓட்டினேன். கை தானாக முறுக்கியது. வண்டி நேராகப் போயிற்று. “ரெண்டு!” என்றேன். “கரெக்டு!” என்றார். எனக்குத் தெளிவாகவே தெரிந்தது, இரண்டு விரல்தான். எவ்வளவு நாளுக்குப் பிறகு காற்று முகத்தில் பட்டது!

அடுத்து மண் தரை. உண்மையான பரீட்சை அதுதான். சக்கரம் முதல் மேட்டில் ஏறியதும் மைதானம் எழும்பியது. சவரி ஒரு துணிமூட்டையாகக் கலைந்து ஆடினார். தலைக்கு மேலே ஏதோ ஒன்று மரக்கிளைபோல் அலைந்தது. “மூணு!” என்றேன்.

“கரெக்டு ரோசி! மூணேதான்!”

நிறுத்திப் பார்த்தேன். மூன்று விரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் போனேன். “ஒண்ணு!” “கரெக்டு!” நிறுத்திப் பார்த்தால் ஒரு விரல்.

அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. கேட்டுக்கு வெளியே நான் நிறுத்திவைக்கிற முகம் அது.

வண்டியைத் திருப்பிக் கோடிக்குப் போனேன். மூன்றாவது முறை மண்ணில் வந்தேன். இந்தத் தடவை அவர் பக்கமே பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, முழுக் குரலில் கத்தினேன்.

“ஏழு!”

ஹெல்மெட் கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தினேன். உலகம் நின்றது. சவரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு கையில் ஐந்து, ஒரு கையில் இரண்டு.

“கரெக்டு” என்றார். சொன்ன பிறகுதான் தன் கைகளை நிமிர்ந்து பார்த்தார்.

நான் எஞ்சினை அணைத்தேன். அவர் கைகளை இறக்கவில்லை. இறக்குவது எப்படி என்று மறந்தவர்போல நின்றார்.

“மொதத் தடவ மண்ணுல வந்தப்போ எத்தினி காட்டினீங்க?”

“உடு ரோசி.”

“எத்தினி?”

“அஞ்சு” என்றார். “பெரிசா தெரியட்டும்னு எல்லாத்தையும் விரிச்சித்தான் காட்டினேன்.”

சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். நடுவில் எங்கேயோ அது சிரிப்பாக இல்லை. சீட்டு தைத்துக் காய்த்துப்போன அந்த விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கினேன். இத்தனை பெண்களிடம் சொன்ன வார்த்தை எனக்கு வாய் வரை வந்தது. இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம வாம்மா. ஆனால் எனக்குக் கொடுக்க என்னிடம் ஞாயிறு இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். ஹாண்டிலை நான் பிடித்திருந்தேன், பின்னால் கம்பியை அவர் பிடித்திருந்தார். ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் என் உடம்புக்கு நேர் எது என்று தெரிகிறது. நோய் வந்த பிறகு நான் ஒருமுறைகூடத் தள்ளாடாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

ஸ்கூட்டரைக் கயல்விழி எடுத்துக்கொண்டாள். அந்த வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும் என்பதால் எங்கள் தெருவில் வரும்போது அணைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவளிடம் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

முன்பு என் நேரம் ஓடிக்கொண்டே போகும். இப்போது நின்று நின்று போகிறது. நடக்கும்போது நடப்பது மட்டும்தான். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். தெருவில் யாரைக் கண்டாலும் அவர்களும் எனக்காக நிற்கிறார்கள். ஆட்டோவில் கண்ணயர்ந்துவிட்டால் வண்டி வளைகிறதா நேராகப் போகிறதா என்று என் உடம்பு சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கிறவர் தோள் என்மேல் சாய்ந்தால், ஓ, திரும்புகிறோம் என்று தெரிந்துகொள்கிறேன்.

சாயங்காலம் சவரி கடையை மூடிவிட்டு பஸ்ஸில் வருவார். நான் சந்து முனை வரை எதிரே போவேன். அந்தப் பக்கமிருந்து வருகிற கூட்டத்தில் அவர் முகம் எனக்குத் தெரியாது. எல்லாம் ஆடிக்கொண்டு வரும். அவர் என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவார். போகிறவர்கள் இடித்தாலும் நகரமாட்டார். கையைத் தலைக்கு மேலே தூக்குவார்.

நானும் நிற்பேன். தெரு மெல்ல அடங்கும். எண்ணுவேன்.

“மூணு” என்பேன்.

அவர் விரலை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பார், நான் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கும்வரை.